ஓரிரவு விருந்தினர்



விருந்தோம்பல் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுபவை இலையும் சோறுமே. வந்தவரை வரவேற்று, வயிறார உண்ணச் செய்து, வாயில்வரை சென்று வழியனுப்பிவிட்டால் நம் கடமை முடிந்தது என்று எண்ணுகிறோம். ஆனால் வந்தவர் அன்றிரவு நம் வீட்டிலேயே கண்ணயரப் போகிறார் என்றால், அதிலும் அவர் பத்துப் பதினொரு வயதுச் சிறுமி என்றால், அக்கடமை வேறு வடிவம் கொள்கிறது. உண்ணும்போது மனிதன் விழித்திருக்கிறான். உறங்கும்போதோ தன்னைக் காத்துக்கொள்ளும் பொறுப்பைப் பக்கத்தில் இருப்பவரிடம் ஒப்படைத்துவிடுகிறான். அந்த ஒப்படைப்பைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நகரத்துக் குழந்தைகளிடையே இப்போது ஒரு வழக்கம் பரவி வருகிறது. பிறந்த நாளன்றோ, தேர்வு முடிந்த மகிழ்ச்சியிலோ, தோழர்கள் நால்வர் ஐவர் ஒருவர் வீட்டில் கூடுகிறார்கள்; விளையாடி, உண்டு, கதை பேசி, இரவு அங்கேயே தங்கி, மறுநாட்காலை தத்தம் வீடு திரும்புகிறார்கள். மேலை நாடுகளிலிருந்து வந்த இவ்வழக்கத்திற்கு அவர்கள் இட்டிருக்கும் பெயர் 'ஸ்லீப்ஓவர்' என்பது. இரவுத் தங்கல் என்று நாம் சொல்லலாம்.

"இதில் புதுமை என்ன இருக்கிறது? கோடை விடுமுறையில் நாங்கள் தங்காத வீடா?" என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்கக்கூடும். உண்மைதான். பாட்டி வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்துச் சூடு தணித்து, ஜமக்காளத்தை விரித்து, பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையாகப் படுத்துக்கொண்ட இரவுகள் என் நினைவிலும் உண்டு. ஆனால் அங்கே படுத்தவர்கள் யார்? அத்தை மக்கள், மாமன் மக்கள், சிற்றப்பன் மக்கள், எல்லாரும் உறவினர். இன்றைய இரவுத் தங்கலில் கூடுபவர்கள் ஒரே வகுப்பில் பயில்பவர்கள் என்பதைத் தவிர வேறு தொடர்பு இல்லாதவர்கள். அவர்களுடைய பெற்றோர் ஒருவரை ஒருவர் பள்ளி வாயிலில் கண்டு தலையசைத்திருப்பார்கள், அவ்வளவே. உறவு இல்லாத இடத்தில், நம்பிக்கையை மட்டும் கொண்டு ஒரு குழந்தையை ஓர் இரவு ஒப்படைப்பது நமக்குப் புதியது. புதிய வழக்கத்திற்கு ஒழுங்கு முறையும் நாம்தான் வகுத்துக்கொள்ள வேண்டும்.

2024ஆம் ஆண்டு மே மாதம் என் பேத்திக்குப் பதினொரு வயது நிறைந்தது. தோழியரை இரவு தங்க அழைக்க வேண்டும் என்று அவள் விரும்பினாள். என் மகள் ஒரு நாள் முழுவதும் எண்ணிப் பார்த்துவிட்டு இசைந்தாள். "ஐந்து பேர், அதற்குமேல் ஒருவரும் வேண்டாம்" என்றாள். பேத்திக்கு இது பிடிக்கவில்லை. ஒன்பது பெயர்கள் கொண்ட பட்டியலை அவள் எழுதி வைத்திருந்தாள். "இரவு இரண்டு மணிக்கு ஒவ்வொரு முகமாக நான் பார்த்து வர வேண்டும். என்னால் ஐந்து முகங்களைத்தான் பார்க்க முடியும்" என்று என் மகள் சொன்ன காரணம், முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்ற எனக்கு மிகவும் பொருத்தமாகப் பட்டது.

அடுத்து ஐந்து தாய்மாரோடும் அவள் தொலைபேசியில் பேசினாள். ஒவ்வொருவரிடமும் கேட்டவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டாள். குழந்தைக்கு ஒவ்வாத உணவு எது? நாள்தோறும் உட்கொள்ளும் மருந்து உண்டா? இருட்டில் தூங்குவாளா, விளக்கு வேண்டுமா? நள்ளிரவில் எந்த எண்ணுக்கு அழைத்தால் நீங்கள் எடுப்பீர்கள்? இந்தக் குறிப்பிலிருந்து இரண்டு செய்திகள் தெரிய வந்தன. ஒரு சிறுமிக்கு நிலக்கடலை ஒவ்வாது. மற்றொருத்திக்கு இளைப்பு நோய் உண்டு. மூச்சு முட்டினால் இழுக்க வேண்டிய இன்ஹேலரைக் கையோடு கொண்டு வருவாள்.

நான்காவது தாயார் ஒரு கேள்வி கேட்டார். "உங்கள் வீட்டில் அன்று ஆண்கள் யார் யார் இருப்பார்கள்? அவர்கள் எங்கே படுப்பார்கள்?" ஒலிபெருக்கி வழியாக அக்கேள்வி என் காதிலும் விழுந்தது. எனக்குச் சுருக்கென்றது. ஊரில் தலைமையாசிரியர் வீடு என்று பெயர் பெற்ற வீடு இது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் என் கையில் படித்துப் போயிருக்கிறார்கள். அந்த வீட்டைப் பற்றியா இப்படி ஒரு கேள்வி?

என் மகளோ சிறிதும் தயங்காமல் விடை கூறினாள். "நானும் குழந்தைகளும் கூடத்தில் படுப்போம். என் கணவரும் அப்பாவும் மாடி அறையில் இருப்பார்கள். பதினேழு வயது மகன் அன்றிரவு அவன் அத்தை வீட்டுக்குப் போய்விடுவான். வேறு விருந்தினர் யாரும் இல்லை." பேசி முடித்ததும் என் முகத்தைப் பார்த்தாள். "அப்பா, மாலை மணி அடித்த பிறகு வேறு ஆள் வந்து கேட்டால், பதிவேட்டில் பெற்றோர் கையெழுத்து இல்லாமல் பிள்ளையை அனுப்புவீர்களா?" என்று கேட்டாள். "அனுப்பியதே இல்லை. ஒருமுறை ஒரு பையனின் சொந்தத் தாய்மாமனையே அரை மணி நேரம் நிறுத்தி வைத்தேன்" என்றேன். "அவருக்கு வருத்தம் இருந்திருக்குமே?" என்றாள். என்னிடம் மறுமொழி இல்லை.

நண்பர்களே, அத்தாயார் கேட்டது என்னை ஐயுற்று அன்று. குழந்தைகளுக்கு இழைக்கப்படும் பாலியல் கொடுமைகளில் பெரும்பாலானவற்றைச் செய்பவர்கள், அக்குழந்தைக்கு முன்பே அறிமுகமானவர்கள்தாம் என்பதைக் காவல் துறையின் பதிவுகள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. பதினெட்டு வயது நிறையாத ஒவ்வொருவரையும் குழந்தை என்றே கொண்டு, அவர்களைக் காக்க 2012ஆம் ஆண்டில் 'போக்சோ' எனப்படும் சட்டம் நம் நாட்டில் இயற்றப்பட்டது. துன்பத்திற்கு ஆளாகும் குழந்தை எவரும் 1098 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றி அழைக்கலாம். சட்டமும் எண்ணும் தீங்கு நேர்ந்த பின்னரே பெரிதும் துணை நிற்கும். தீங்கு நேராமல் தடுப்பவை இத்தகைய கேள்விகளே. நல்ல வீடு எது என்றால், இக்கேள்வியைக் கேட்டுச் சினங்கொள்ளாத வீடு. இதை நான் அறுபத்தைந்தாம் வயதில் என் மகளிடமிருந்து கற்றேன்.

அன்று மாலை ஐந்து மணிக்குக் குழந்தைகள் வந்தார்கள். உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இட்லி, தேங்காய்ச் சட்னி, தக்காளித் தொக்கு, பால் பாயசம். நிலக்கடலை ஒவ்வாத சிறுமிக்கென்று தனித் தட்டு வைக்கவில்லை. நிலக்கடலையே இல்லாத உணவை எல்லாருக்கும் சமைத்தாள் என் மகள். நம் சமையலில் அது எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்பதை அன்றுதான் கவனித்தேன். சட்னியில், புளியோதரையில், மிட்டாயில், கடையில் வாங்கும் மிக்சரில், சில வீடுகளில் தாளிக்கும் எண்ணெயிலேயே உண்டு. ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்க்கு மிகச் சிறிய அளவும் ஊறு செய்யும். உதடோ நாக்கோ வீங்கி, மூச்சுத் திணறல் தோன்றினால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருத்தல் கூடாது. அந்த நொடியே 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும். இன்ஹேலர் இருக்கும் இடத்தை வீட்டிலுள்ள பெரியவர் மூவருக்கும் என் மகள் காட்டி வைத்தாள்.

உணவுக்குப்பின் தாயக்கட்டை உருண்டது; பல்லாங்குழி வந்தது; இரண்டும் பழையவை ஆதலால் அக்குழந்தைகளுக்குப் புதியவையாக இருந்தன. ஒன்பது மணிக்கு ஒரு மூங்கிற்கூடை வந்தது. கைபேசி கொண்டு வந்திருந்த இருவரும் அதைக் கூடையில் இட்டனர். என் மகளும் தன்னுடையதை எடுத்து, "அழைப்பு வந்தால் எழுந்து எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லி மேலே வைத்தாள். தூங்கும் தோழியைப் படம் எடுத்து மற்றவர்க்கு அனுப்பும் விளையாட்டு, விளையாட்டன்று. தன்னைக் காத்துக்கொள்ள இயலாத ஒருவரின் மதிப்பைத் திருடுவதே ஆகும்.

பிறகு அவள் குழந்தைகளை உட்கார வைத்து மூன்று செய்திகளைச் சொன்னாள். கூடத்து விளக்கு சிறியதாக எரிந்துகொண்டே இருக்கும். குளியலறை அலமாரியில் மாற்றுப் போர்வையும் துண்டும் இருக்கின்றன. யாருக்குத் தேவைப்பட்டாலும் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவதாக, "எந்த நேரத்தில் யாருக்கு வீட்டுக்குப் போக வேண்டும் என்று தோன்றினாலும் என்னை எழுப்புங்கள். நான் உங்கள் அம்மாவை அழைப்பேன். யாரும் சிரிக்க மாட்டோம்" என்றாள்.

மாற்றுப் போர்வை எதற்கு என்று நீங்கள் வியக்கலாம். உறக்கத்தில் சிறுநீர் கழியும் நிலை, ஐந்து வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பேருக்கும், பத்து வயதில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பேருக்கும் இருப்பதாக மருத்துவர்கள் கூறுவர். அது சோம்பலும் அன்று, குற்றமும் அன்று, வளர வளரத் தானே பெரும்பாலும் நீங்கிவிடும். ஆனால் அந்த அச்சத்தாலேயே இத்தகைய அழைப்புகளை மறுத்துவிடும் குழந்தைகள் உண்டு. ஓர் அலமாரியும் இரண்டு போர்வையும் அந்த அச்சத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகின்றன.

இனி உறக்கத்தைப் பற்றிச் சிறிது அறிவோம். ஆறு முதல் பன்னிரண்டு வயதினர்க்கு நாளொன்றுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரமும், பதின்மூன்று முதல் பதினெட்டு வயதினர்க்கு எட்டு முதல் பத்து மணி நேரமும் உறக்கம் தேவை என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் வரையறுத்தது. உங்களில் உயர்நிலைப் பள்ளியில் பயில்வோர் முன்னிரவில் எளிதில் உறங்குவதில்லை. உறக்கத்திற்கு முன்னோடியாகக் குருதியில் பெருகும் மெலட்டோனின் என்னும் சுரப்பு, குமரப் பருவத்தில் முன்னைவிடக் காலந்தாழ்ந்து பெருகுவதே அதற்கு ஒரு காரணம். கண்முன் ஒளிரும் திரை அதை மேலும் தாழ்த்தும்.

புதிய இடத்தில் உறக்கம் வராமைக்கு வேறொரு காரணமும் உண்டு. உறக்க ஆய்வுக் கூடங்களில், வந்தவர்கள் முதல் இரவு நன்றாகத் தூங்குவதில்லை என்பதை ஆய்வாளர்கள் நெடுங்காலமாகக் கண்டிருந்தார்கள். அதை 'முதல் இரவு விளைவு' என்று வழங்கினர். அமெரிக்காவிலுள்ள பிரவுன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2016இல் அதன் காரணத்தை ஆராய்ந்தனர். அறிமுகம் இல்லாத இடத்தில் படுத்த முதல் இரவு, மூளையின் இரு பாதிகளும் ஒரே அளவு ஆழ்ந்து உறங்குவதில்லை. இடப்பாதி மற்றதைவிட மேலோட்டமாக உறங்குகிறது. புதிய ஓசை கேட்டால் விரைவில் விழித்தெழச் செய்கிறது என்று கண்டனர். டால்பின்கள் மூளையின் ஒரு பாதியை உறங்கவிட்டு மறுபாதியால் விழித்திருக்கும். மனிதனிடத்தும் அவ்வியல்பின் சாயல் ஒன்று எஞ்சியுள்ளது போலும்! எனவே நண்பன் வீட்டில் உறக்கம் வராமல் புரளும் சிறுவனைக் கோழை என்று எவரும் எண்ண வேண்டா. அவனுடைய மூளை அவனுக்குக் காவல் நிற்கிறது.

வீட்டை எண்ணி ஏங்குதலும் அத்தகையதே. 1688ஆம் ஆண்டில், சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் மருத்துவம் பயின்ற ஜோகான்னஸ் ஹோபர் என்னும் இளைஞர், சொந்த ஊரைப் பிரிந்தவர்கள் நோயுற்று மெலிவதைத் தம் ஆய்வுரையின் பொருளாகக் கொண்டார். வீடு திரும்புதல், வலி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களை இணைத்து 'நாஸ்டால்ஜியா' என்ற சொல்லை ஆக்கியவர் அவரே. வளர்ந்த ஆடவரையே வாட்டிய அந்த ஏக்கம் பத்து வயதுச் சிறுமியை வருத்துவதில் வியப்பு என்ன?

அன்றிரவு பன்னிரண்டு மணி கடந்தபின் மாடிப்படியில் நான் இறங்கியபோது, ஒரு சிறுமி என் மகளின் அருகே உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, உதடு மட்டும் நடுங்கியது. "ஆன்ட்டி, வீட்டுக்குப் போகணும்" என்றாள். நானாக இருந்தால், "இன்னும் ஆறு மணி நேரந்தானே கண்ணு, பொறுத்துக்கொள்" என்றிருப்பேன். என் மகள் அவளை முதலில் தண்ணீர் குடிக்கச் செய்தாள். "அம்மாவோடு பேசிப் பார்க்கிறாயா, நேரே போய்விடலாமா?" என்று கேட்டாள். சிறுமி பேசினாள், பேசிய பின்னும் போகவே விரும்பினாள். அரை மணி நேரத்தில் அவள் தந்தை ஸ்கூட்டரில் வந்தார். மற்றவர்கள் விழிக்காதபடி கதவைத் திறந்து, அவளுடைய பையை நான் வண்டி வரை கொண்டு சென்றேன்.

"முயற்சி வீணாயிற்றே" என்றேன் திரும்பி வந்து. "போகலாம் என்று நான் சொன்னதை அவள் நம்பினாளே, அப்பா" என்றாள் என் மகள். மறுநாட்காலை எட்டு மணிக்கு அச்சிறுமி மீண்டும் வந்து, மற்றவர்களோடு உட்கார்ந்து பூரி தின்றாள். இரவு எங்கே போனாய் என்று ஒருத்தி கேட்டாள். "வீட்டுக்கு" என்றாள் அவள். அதற்குமேல் எவரும் கேட்கவில்லை.

அவளை அனுப்பிவிட்டுக் கதவைத் தாழிட்டபோது, எனக்கு வேறொரு கதவு நினைவுக்கு வந்தது. 1975ஆம் ஆண்டு, காவிரிக் கரையில் எங்கள் சிற்றூர், பதினோராம் வகுப்புப் பொதுத் தேர்வு நெருங்கியிருந்தது. கணிதத்தில் என்னைவிட வல்லவனான என் வகுப்புத் தோழன் ஒருவன், எனக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக ஓர் இரவு எங்கள் வீட்டுக்கு வந்தான். எங்கள் வீட்டில் மின்விளக்கு உண்டு. அவன் தெருவில் இல்லை. திண்ணையில் அமர்ந்து பத்து மணி வரை படித்தோம். பிறகு என் பாட்டி அவனுக்கு ஒரு பாயைத் திண்ணையிலேயே போட்டார். எனக்குக் கூடத்தில் போட்டார். ஒரு கடுஞ்சொல்லும் அவர் சொல்லவில்லை. சோறும் இட்டார், வாழையிலையில், திண்ணையிலேயே. நடுவில் கதவு சாத்தப்பட்டது.

காலையில் பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அவன் எப்போது எழுந்து போனான் என்பது எனக்குத் தெரியாது. பள்ளியில் அதைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனால் அவன் மறுபடி எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு 1950ஆம் ஆண்டிலேயே தீண்டாமையை ஒழித்திருந்தது. பாட்டியின் காலம் அப்படி என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு அப்போது வயது பதினாறு. பாயை எடுத்துக்கொண்டு வெளியே சென்று அவனருகில் படுக்க எனக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. நான் செய்யவில்லை. பின்னாளில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் குழந்தை உளநூலைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் படித்தேன். ஒரு பிள்ளை ஓர் இடத்தில் அச்சமின்றி உறங்க என்ன வேண்டும் என்பதை அந்தத் திண்ணை முன்பே எனக்குக் கற்றுத் தந்திருந்தது. நான்தான் பாடத்தைக் கேட்கவில்லை.

ஆகவே, நண்பர்களே, நீங்கள் தோழர் வீட்டில் தங்கச் சென்றால், உங்களுக்கு ஒவ்வாதது எது, அஞ்சுவது எது என்பதை வெட்கமின்றிச் சொல்லிவிடுங்கள். அங்கே ஏதேனும் உங்களுக்குத் தவறாகப் பட்டால், நாகரிகம் கருதிப் பொறுத்துக்கொள்ளாமல் உடனே உங்கள் பெற்றோரை அழையுங்கள். உங்கள் வீட்டிற்குப் பிறர் தங்க வந்தால், மூத்த அண்ணனாக, அக்காவாக நீங்களும் அன்றிரவு ஒரு பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். நன்றாகச் சிரித்து விளையாடும் குழந்தையை எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள். ஓரத்தில் பேசாமல் இருக்கும் குழந்தை எது என்று நீங்கள் பாருங்கள். உங்கள் பாயை அதன் பக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த ஐவருக்கும் என் மகள் விரித்த பாய்கள் ஒரே கூடத்தில், ஒரே வரிசையில் இருந்தன. அவர்கள் எந்தெந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. அதிகாலையில் ஒருமுறை எழுந்து சென்று பார்த்தேன். நான்கு பாய்களில் குழந்தைகள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது பாய், அவள் எழுந்து போனபடியே, சுருட்டப்படாமல் கிடந்தது.